சிவக்கக் காத்திருந்த செடி

கரவெட்டியில் கேதீஸ்வரனின் வளவில் எதுவும் சும்மா நிற்பதில்லை. முருங்கை காய்க்கும், எலுமிச்சை காய்க்கும், வேலிப் பூவரசின் இலைகூடக் குழையாக வெட்டப்பட்டு வாழைக் குழிக்குப் பசளையாகும். அந்த வளவில் ஒன்றுக்கும் உதவாத செடி ஒன்றை நட்டவள் அவர் மனைவி சிவகௌரி.

நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கிய கன்று. மாசிப் பனியோடு இலையெல்லாம் சிவந்து, பிறகு ஒன்றும் மிச்சமில்லாமல் உதிரும், மழைக்குத் திரும்பத் துளிர்க்கும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். அன்றே அந்தச் சிவப்பு அவள் கண்ணுக்குள் குடியேறிவிட்டது. சோறு வடிக்கும்போது ஆவிக்குள் ஒரு சிவந்த முற்றம் மிதக்கும். செடியோ இரண்டு மாசி பச்சையாகவே நின்று ஏமாற்றியது. இந்த முறைதான் நெஞ்சளவு வளர்ந்து, இலை விளிம்புகளில் மஞ்சள் ஓடத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கொழும்புத்துறையில் தங்கை பாலேஸ்வரியின் பேரன் பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. போய் ஓரிரவு தங்கித் திரும்பியவள், படலையைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். செடியின் வேலிப்பக்கப் பாதி மொட்டையாக நின்றது. அதன் இலைகள் புது வாழைக் குழிக்குள் மண் மூடிக் கிடந்தன.

"இஞ்சரும், பழுத்து விழப்போற இலைதானே," என்றார் கேதீஸ்வரன். "வீணாப் போயிடுமெண்டு குழைக்கு வெட்டினனான்."

"வீணாப் போறதைப் பாக்கத்தான் வளத்தனான்."

அதற்குப் பிறகு அவருக்குத் தேத்தண்ணி வந்தது, சோறு வந்தது, கதை மட்டும் வரவில்லை.

மிஞ்சிய பாதி மெல்ல மெல்லப் பழுத்தது. மஞ்சள் செம்மஞ்சளாகி, ஒரு விடியலில் முழுச் சிவப்பாகியது. அவள் கோபம் இறங்கிவிட்டதா என்று அறியக் குசினியைப் பார்த்தபடி செடிப்பக்கம் வந்துபோன மனிதர், பிறகு செடியைப் பார்க்கவே வந்து நிற்பதைக் குசினி யன்னலால் கண்டாள்.

பங்குனியில் ஒரு காலை காற்று எழும்பியது. இலைகள் அவசரமில்லாமல் இறங்கின, சோற்றாவிக்குள் அவள் கண்டதைப் போலவே. வெள்ளை மணல் முற்றம் சிவந்தது. வழக்கம்போல விளக்குமாறும் கடகப்பெட்டியுமாகக் கேதீஸ்வரன் வந்தார். கூட்டி அள்ளிவிடப் போகிறாரென்று அவள் யன்னலடிக்கு ஓடினாள். அவரோ சற்று நின்று பார்த்துவிட்டு, இரண்டையும் வீட்டுக் கோடிப்பக்கம் வைத்துவிட்டு வந்து படியில் குந்தினார்.

அவள் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"வாற வரியமும் உப்பிடிச் சிவக்குமோ?"

"நீங்கள் கத்தியை எடுக்காட்டில் சிவக்கும்."

அவருடைய தேத்தண்ணிக்குள் இலையொன்று வந்து விழுந்தது. அதை விரலால் எடுத்தார். வாழைக் குழிப்பக்கம் ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து, அதை முற்றத்திலேயே வைத்தார்.