நியூட்ரலில் இறங்கிய ஜீப்

கம்பம் மெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் ஜீப்பின் இரைச்சல் சட்டென்று அடங்கிப்போனது. முன்சீட்டில் இருந்த முனீஸ்வரி வண்டி நின்றுவிட்டது என்றே நினைத்தாள். ஆனால் இரண்டு பக்கமும் மரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஈரச் சாலையில் டயர் உரசும் சத்தமும், பின்னால் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தமும் மட்டும் இதுவரை இல்லாத தெளிவோடு கேட்டன. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன.

"என்ன தம்பி, வண்டி ஆஃப் ஆயிருச்சா?"

"நாந்தான்க்கா ஆஃப் பண்ணேன்." டிரைவர் சுரேஷ்கண்ணன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "நியூட்ரல்ல விட்டா அதுவா உருண்டு கம்பம் போயிரும். இறக்கத்துக்கு எதுக்கு டீசலு?"

அது ஒரு செவ்வாய்க்கிழமை.

முனீஸ்வரி அனுமந்தன்பட்டிக்காரி. ஊரிலிருந்து பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு தினமும் காலை ஆறு மணிக்கு மலையேறி, கேரளப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் பறித்துவிட்டு, சாயங்காலம் இறங்குவாள். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று தோட்டத்துக்குச் சொல்வதும், ஜீப் வாடகை பேசுவதும் அவள் வேலை. அதனால் முன்சீட்டு அவளுக்கு.

போன மாதம் டீசல் விலை இரண்டு தடவை ஏறியது. ஆளுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வேண்டும் என்று சுரேஷ்கண்ணன் கேட்டான். பெண்கள் பஸ் ஸ்டாப்பில் கூடி நின்றார்கள். பேசியது முனீஸ்வரிதான். "ஏலக்கா விலை ஏறுறப்ப எங்க கூலி ஏறுதா? டீசல் ஏறுனா மட்டும் நாங்க என்னத்துக்குக் குடுக்கணும்?" என்று ஒரே போடாகப் போட்டாள். அவன் பழைய வாடகைக்கே வண்டியை எடுத்தான். அன்றைக்குப் பெண்கள் அவளை மெச்சிக்கொண்டே மலையேறினார்கள்.

மறுநாளிலிருந்து அவன் சிக்கனத்தில் இறங்கினான். தெருத்தெருவாக வந்து ஆள் ஏற்றுவதை நிறுத்தினான். எல்லோரும் மெயின் ரோட்டுக்கு நடந்து வர வேண்டும். கூரைமேல் இருந்த இரும்புக் கேரியரைக் கழற்றி வீட்டில் போட்டான், கனம் குறையட்டும் என்று. திங்கள்தோறும் டயருக்குக் காற்றுப் பார்த்தான். சோதனைச் சாவடியில் வண்டி வரிசை நின்றால் உடனே எஞ்சினை அணைத்தான். ஆக்ஸிலேட்டரை முட்டையை மிதிப்பதுபோல மிதித்தான். டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன், வண்டியைத் திருப்பு என்று யாராவது சொன்னால், "பசியோட வேல பாருங்க" என்றான்.

"கொஞ்ச நாள்ல நம்மளயே எறங்கித் தள்ளச் சொல்வான் பாரு," என்றாள் மொக்கம்மாள். அறுபது வயதுக்காரி, கூட்டத்தில் மூத்தவள். எல்லோரும் சிரித்தார்கள். முனீஸ்வரியும் சிரித்தாள்.

இந்த இறக்கத்தை நினைத்துத்தான் அவளால் சிரிக்க முடியவில்லை.

புதன்கிழமை அவள் அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு வளைவுக்கு ஒருமுறை சாவியைத் திருப்பி எஞ்சினை எழுப்புவான். கொஞ்ச தூரம் போனதும் அணைத்துவிடுவான். எஞ்சின் அணைந்திருக்கும்போது பிரேக் மிதிக்க அவன் சீட்டிலிருந்து லேசாக எழும்பினான். பிடரி நரம்பு புடைத்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. திராட்சைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் கைக்குட்டை அளவில் கிடந்தன. தினமும் பார்க்கிற பள்ளம்தான். இப்போது அவள் கண்ணை அங்கிருந்து திருப்பிக்கொண்டாள்.

"வேணாம் தம்பி. பயமா இருக்கு."

"பிரேக் இருக்குல்லக்கா. என்னத்துக்குப் பயம்?"

"பின்னாடி இருக்கவகளுக்குத் தெரியாது."

"நீங்க சொல்லுங்க. சொன்னா எறங்கிருவாக. வேற ஜீப் பாத்துக்கங்க."

நிதானமாகத்தான் சொன்னான். ஆனால் அந்தத் தோட்டத்துக்கு ஊரிலிருந்து வேறு ஜீப் கிடையாது. சொன்னால் பெண்கள் சத்தம் போடுவார்கள். அவன் பத்து ரூபாயை மறுபடியும் கேட்பான். எல்லோரும் மெச்சிய அவள் பேச்சு ஒன்றுமில்லாமல் போகும். இதையெல்லாம் யோசித்தபடியே அவள் வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தபோது உள்ளங்கை சிவந்திருந்ததைப் பார்த்தாள். முன்னால் இருந்த கம்பியை அவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை அவள் மகள் ஹேமாவதியும் வேலைக்கு வந்தாள். கல்லூரி லீவு. சும்மா இருப்பதற்கு நாலு நாள் காய் பறித்தால் செருப்பு வாங்கிக்கொள்ளலாம் என்று அவளாகவே கிளம்பினாள். தடுக்க முனீஸ்வரிக்கு ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் தூறல் போட்டது. ஹேமாவதி காற்று வேண்டும் என்று ஜீப்பின் கடைசியில், பின்கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். சாவடி வந்ததும் முனீஸ்வரி தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"இன்னிக்கு ஆஃப் பண்ணாத தம்பி. எம்பிள்ள வந்திருக்கா."

சுரேஷ்கண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப இத்தன நாளா வந்தவுக யாரு பிள்ளைக?" என்று கேட்டான்.

ஆனாலும் அவன் அவளுக்காக முதல் நான்கு வளைவுகளை எஞ்சின் ஓட ஓடத்தான் இறக்கினான். நான்காவதைத் தாண்டி நீளமான சரிவு வந்தது. அவன் கை பழக்கத்தில் சாவிக்குப் போனது. முனீஸ்வரி அதைப் பார்த்தாள். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். வாய் வராமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தம் அடங்கியது.

அணைத்த பிறகு வந்த முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்ததில் கொஞ்சம் பிடித்தது. அதற்கடுத்த சரிவில் அவன் சாவியைத் திருப்பினான். செல்ஃப் மோட்டார் 'கிர்ர்ர்' என்று இழுத்து அமர்ந்துவிட்டது. மறுபடி திருப்பினான். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்; பேட்டரி இறங்கிப்போயிருந்தது.

பிரேக்கை மிதித்தான். கல்லை மிதிப்பதுபோல அது அசையாமல் நின்றதை முனீஸ்வரி பார்த்தாள். அவன் சீட்டிலிருந்து முழுக்க எழுந்து, இரண்டு கால்களாலும் அதன்மேல் ஏறி நிற்பதுபோல மிதித்தான். வண்டி வேகம் பிடித்துக்கொண்டே போனது. கியர் கம்பியை இழுத்துத் தள்ளினான். அடியில் பல்லோடு பல் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, கியர் விழவில்லை.

"ஏலே, மெதுவாப் போலே," என்று பின்னால் மொக்கம்மாள் சொன்னாள். அப்புறம் ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் தெரிந்துபோனது என்று முனீஸ்வரி பிறகு நினைத்துக்கொண்டாள்.

"ஹேண்ட்பிரேக்கு," என்றான் அவன். குரல் குழந்தையின் குரல்போல் ஆகியிருந்தது. "இழுங்கக்கா. ரெண்டு கையாலயும் இழுங்க."

அவள் குனிந்து இழுத்தாள். தோள் பிய்ந்துவிடும்போல இழுத்தாள். ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. வண்டி ஒருமுறை குலுங்கி, கொஞ்சம் தயங்கி, மறுபடி ஓடியது. எதிரே வளைவில் ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது, மலைப் பக்கத்தை அடைத்துக்கொண்டு. சுரேஷ்கண்ணன் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி வண்டியைப் பள்ளத்துப் பக்கம் ஒதுக்கினான். கைப்பிடிச் சுவர் முனீஸ்வரியின் பக்கமாக உரசியது. கண்ணாடி தெறித்தது. பஸ்ஸின் ஜன்னலில் ஒரு கிழவர் வாயைப் பிளந்து பார்த்தது அவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. கீழே கைக்குட்டைத் தோட்டங்கள் ஒரு கணம் அவள் முழங்கைக்கு நேரே நின்றன. ஹேமாவதியைத் திரும்பிப் பார்க்க நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை.

பஸ் கடந்த மறு நொடி அவன் ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்தான். ஜீப் சாலையைக் குறுக்காகக் கடந்து, மலையோரத்து வடிகாலில் முன்சக்கரம் விழ, பாறையில் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு இருபது அடி போய், சாய்ந்து நின்றது.

மழை தூறும் சத்தம் கேட்டது. அப்புறம் அழுகை.

மொக்கம்மாளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஹேமாவதிக்கு நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம், ஆனால் நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்களுக்குச் சிராய்ப்பும் வீக்கமும்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த ஆட்கள் ஒவ்வொருவராகத் தூக்கி வெளியே விட்டார்கள். கூட்டத்துக்கு நடுவே சுரேஷ்கண்ணன் முனீஸ்வரியின் பக்கம் வந்து நின்றான்.

"அக்கா, பிரேக் பெயிலியருன்னு மட்டும் சொல்லுங்க. லைசென்ஸ் போயிரும். வண்டிக்குத் தவண வேற ஓடுது. உங்க காலத் தொட்டுக் கேக்குறேன்."

கம்பத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் வந்து எழுதினார். ஒவ்வொருத்தியும் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னாள். அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். கடைசியாக முனீஸ்வரி. நெற்றியில் நாலு தையலோடு ஹேமாவதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரோரம் சுரேஷ்கண்ணன்.

பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பொய்யோடு திங்கள்கிழமை அவன் இன்னொரு வண்டியில் ஏறி, இன்னும் பன்னிரண்டு பேரை அதே சாலையில் இறக்குவான் என்று அவளுக்குத் தோன்றியது.

"பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு சார். எஞ்சின ஆஃப் பண்ணிட்டு எறக்குனான், டீசல் மிச்சம் பிடிக்க. நாலு நாளா எனக்குத் தெரியும்."

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சுரேஷ்கண்ணன் தரையைப் பார்த்தான். அவளுக்குத் தாங்க முடியாமல் போனது வேறு ஒன்று. ஹேமாவதி மெல்லத் திரும்பி, "நாலு நாளாவாம்மா?" என்று கேட்டாள்.

உள்ளே கட்டிலில் கிடந்த மொக்கம்மாள் காதிலும் அது விழுந்திருக்கிறது. முனீஸ்வரி பார்க்கப் போனபோது அவள் கோபப்படவில்லை. "தெரிஞ்சுதான் எங்கள ஏத்துனியா ஆத்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் லைசென்ஸை மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். வண்டியைச் சோதித்த ஆபீசர், எஞ்சின் ஓடினால்தான் அந்தப் பிரேக்குக்கு வலு, அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும், அதற்குப் பிறகு மனுசக் காலுக்கு அடங்காது என்று அவனிடமே சொன்னாராம். ஊரில் பாதிப் பேர் அவள் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று ஏசினார்கள். மீதிப் பேர் முன்னமே சொல்லவில்லையே என்று ஏசினார்கள். ஹேமாவதி பேசினாள், சாப்பாடு போட்டாள், எல்லாம் செய்தாள். கண்ணைப் பார்ப்பதை மட்டும் வெகுநாள் தவிர்த்தாள்.

மூன்று வாரம் கழித்து உத்தமபாளையத்திலிருந்து ஈஸ்வரபாண்டி என்பவர் ஜீப் விட்டார். ஆளுக்குப் பதினைந்து ரூபாய் கூடுதல் கேட்டார். யாரும் பேரம் பேசவில்லை. முன்சீட்டில் யாரையோ உட்காரச் சொல்லிவிட்டு முனீஸ்வரி பின்னால் ஏறினாள். அங்கே, கடைசி மூலையில், சுரேஷ்கண்ணன் இருந்தான். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் மலை ஏறும்போது பயம் ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் இறங்கும்போதுதான். ஈஸ்வரபாண்டி இரண்டாவது கியரில் போட்டு, எஞ்சின் உறும உறும இறக்கினார். காது அடைக்கிற சத்தம். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் பெண்கள் எல்லோரும் கம்பியைப் பிடித்தார்கள். கியர் மாற்றும்போது சத்தம் ஒரு கணம் தணிந்தால் அத்தனை பேரும் மூச்சை நிறுத்தினார்கள். சுரேஷ்கண்ணன் கண்ணை இறுக்க மூடியிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. பாறை உரசிய அந்த இடம் வந்தபோது அவன் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்ப்பதை முனீஸ்வரி கண்டாள்.

கம்பத்தில் டீக்கடை முன்னால் ஈஸ்வரபாண்டி பத்து நிமிடம் நிறுத்தினார். எல்லோரும் இறங்கினார்கள். சுரேஷ்கண்ணன் கடையை ஒட்டியிருந்த பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். முனீஸ்வரி இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"ஸ்டியரிங் நம்ம கைல இருந்தா ஒண்ணும் தெரியலக்கா," என்றான். "நீங்க எப்படி அதுல நாலு நாளு உக்காந்து வந்தீக?"

அவள் யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியல தம்பி," என்றாள்.

ஈஸ்வரபாண்டி ஹாரன் அடித்தார். அனுமந்தன்பட்டி வரைக்கும் இனி சமதரைதான். இருவரும் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டார்கள்.