பெரியம்மா பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு இருக்கும். ஓட்டப் பழகுகிறவரின் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலடியில் ஒன்று. வண்டி தக்க சமயத்தில் நின்றதும் பழகுகிறவர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு சிரிப்பார். நிறுத்தியது யார் கால் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

பெரியம்மா அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள். லேசில் கால் வைக்க மாட்டாள். முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம் கண்ணாடியை அடைத்துக்கொண்டு நின்று, பழகுகிறவர் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் அவள் கால் அசையும். "பயம் காலுக்குப் போகணும், வாய்க்கு வரக் கூடாது" என்பாள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கல்லு மேடம். அவளிடம் பழகியவர்கள் திட்டிக்கொண்டேதான் பழகினார்கள், ஆனால் உருப்படியாகப் பழகினார்கள்.

அப்படிப்பட்டவள் இப்போது பஸ்ஸில் உட்கார்ந்தால்கூடத் தரையை மிதிக்கிறாள். அவள் எடுத்து வளர்த்த தங்கை மகன் பெரியவன் விபத்தில் போன பிறகு வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், காலியாகக் கிடந்த ரோட்டில், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். ஓட்டிக்கொண்டிருந்த பேங்க்காரருக்கு நெற்றி புடைத்துவிட்டது. முதலாளி நல்ல மனுஷன், கத்தவில்லை. "மேடம், கொஞ்ச நாள் வண்டியில ஏறாதீங்க. யாரையாவது போய்ப் பாருங்க. சரியானதும் வாங்க" என்றார். அந்த யாராவதுதான் மனசுக் கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர்.

கவுன்சிலரின் அறை ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே பல்லைக் குடைகிற சத்தம் தரை வழியாக ஏறி வரும். மேலே நடப்பதும் குடைகிற வேலைதான், சத்தம் மட்டும் கிடையாது. ஒரு சோபா, இரண்டு நாற்காலி, டிஷ்யூ டப்பா, பிளாஸ்டிக் இலையோடு ஒரு செடி. கவுன்சிலர் சின்ன வயதுப் பெண். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பேசாமல் இருப்பதற்குக் கூலி வாங்குகிற தொழிலும் உலகத்தில் உண்டு என்று பெரியம்மாவுக்கு அங்கேதான் தெரிந்தது.

ஆரம்பத்தில் ஊர்க்கதையெல்லாம் பேசினாள். தங்கை காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போனதைச் சொன்னாள். தங்கை புருஷன் வேலைக்கென்று கடல் தாண்டிப் போய், அங்கே வேறொரு குடும்பத்துக்கு அப்பாவாகிவிட்டதைச் சொன்னாள். பெரியவன் அப்போது அரைக்கால் சட்டை, சின்னவள் இடுப்புக் குழந்தை. ஸ்கூல் படிவத்தில் தாய், தந்தை, காப்பாளர் என்று இருந்ததில் முதல் இரண்டையும் அடித்துவிட்டு மூன்றாவதில் கையெழுத்துப் போட்டாள் பெரியம்மா. கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு வந்தவர்களிடம், "வலிக்காமலே ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு அந்த வம்பு" என்று சிரித்து அனுப்பிவிட்டாள்.

பெரியவன் போன விதத்தையும் சொன்னாள், யாரோ வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அவனுக்கு ஒரு கிடங்கில் இரவு வேலை. பகலில்தான் தூங்குவான். அன்றைக்குச் சாயங்காலம் காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்ட சின்னவள் போன் போட்டு அவனை எழுப்பி, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். பெரியம்மா வகுப்பில் இருந்தாள். அவன் வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். லைசென்ஸ் வாங்கிய பிறகு தனியாக ஓட்டியது அதுதான் முதல் தடவை. பாலத்திலிருந்து இறங்குகிற சரிவில், பழுதாகி நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் நேராகப் போய் மோதினான். ரோட்டில் பிரேக் போட்ட தடம் பெயருக்குத்தான் இருந்தது. "தூங்கியிருப்பான், கால் தானா பட்டிருக்கும்" என்றார் போலீஸ்காரர். துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். தூங்காத உடம்பு, பாவம், அசந்துவிட்டது.

"சின்னவ எப்படி இருக்கா?" என்று கேட்டாள் கவுன்சிலர்.

எப்படி இருப்பாள். காலேஜுக்குப் போவதில்லை. போனைத் தொடுவதில்லை, அலமாரியில் துணிக்கு அடியில் அது செத்துக் கிடக்கிறது. அண்ணன் கட்டிலில் போய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வைத்த தட்டு வைத்தபடியே திரும்பி வரும். "தூங்கிட்டிருந்தவனை எழுப்பினது நான்தானே" என்று ஒரே ஒரு முறை சொன்னாள், அதற்குப் பிறகு அதைக்கூடச் சொல்லவில்லை. பெரியம்மா அவள் பின்னாலேயே அலைந்தாள். தெருமுனைக் கடைக்குப் போனாலும் பின்னாலேயே போனாள். குளியலறைத் தாழ்ப்பாளை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி எடுத்துவிட்டாள். சின்னவள் அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் பெரியம்மா அந்தப் பிளாஸ்டிக் செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவன் தூங்கலைம்மா."

கவுன்சிலர் வழக்கம்போலக் காத்திருந்தாள்.

"ஸ்டேஷன்ல வண்டியைப் போட்டு வச்சிருந்தாங்க. போய்ப் பார்த்தேன். கியர் ரெண்டுல இருந்துச்சு. சரிவுல இறங்கும்போது கியரைக் குறைச்சுக்கோன்னு நான் சொல்லிக்கொடுத்தது. தூங்கறவன் கியரைக் குறைப்பானா? கண்ணாடி பார்த்திருக்கான், கியரைக் குறைச்சிருக்கான், சொல்லிக்கொடுத்தது எல்லாத்தையும் செஞ்சிருக்கான். பிரேக் மட்டும் நேரத்துக்குப் போடலை. அது அவன் வேலை இல்லைன்னு நான்தானே அவனைப் பழக்கினேன்."

"புரியலை மேடம்."

"அது என் வேலை. எப்பவும் நான்தான் போடுவேன்."

ஊரார் பிள்ளை என்றால் கல்லு மேடம். தன் பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அந்தக் கல் எங்கே போனதோ. முன்னால் ஒரு சைக்கிள் தெரிந்தால் போதும், அவன் யோசிக்கும் முன்பே அவள் கால் இறங்கிவிடும். அவன் கால் பிரேக்குக்கு வரும்போது பிரேக் ஏற்கெனவே பாதி உள்ளே போயிருக்கும். "பார்த்தீங்களா பெரியம்மா, எப்படி நிறுத்தினேன்" என்பான். "சூப்பர்டா" என்பாள். மற்றவர்களை ஒரு மாதம் அலறவிட்டுப் பழக்கியவள், இவனை ஒரு நாள்கூட அலறவிடவில்லை. டெஸ்ட் வைத்த அதிகாரி காலி மைதானத்தில் ஒரு சுற்று சுற்றச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக் காரில் அவள் பக்கம் பிரேக் கிடையாது. அதனால் காலுக்குப் பதில் வாய் வேலை செய்தது. "மெதுவா, மெதுவா, போடு, இப்பப் போடு." அவனும் போட்டான். அவள் இல்லாத அந்த ஒரு நாளில், சொல்ல வாயும் இல்லை, மிதிக்கக் காலும் இல்லை.

"நீங்க பாசத்துல செஞ்சது அது" என்றாள் கவுன்சிலர் மெதுவாக.

"பாசத்துலதான் செஞ்சேன். அதைத்தான் நானும் சொல்றேன்."

"அன்னைக்கு வண்டிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் உறுதியா தெரியாது இல்லையா? இது உங்க ஊகமாகவும் இருக்கலாம்."

பெரியம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏம்மா, உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சும்மா இரு."

கவுன்சிலர் சும்மா இருந்தாள். கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட, பெரியம்மா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள். "இதைச் சின்னவகிட்டச் சொல்லிடணும். தூங்கறவனை எழுப்பிட்டோம்னு அந்தப் பிள்ளை உருகிச் சாகுது. அவன் தூங்கவே இல்லைன்னா அவ மேல என்ன தப்பு? அவ தலையில இருக்கிறது இறங்கி என் தலைக்கு வரட்டும். எனக்கு வயசாச்சு, தாங்கிக்குவேன்."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லலை?"

"சொன்னா அவ என்னை விட்டுப் போயிடுவா." டிஷ்யூ டப்பாவைத் தள்ளி வைத்தாள். "எனக்குன்னு மிஞ்சினது அவ ஒருத்திதான்."

கவுன்சிலர் அவசரப்பட வேண்டாம் என்றாள். சொல்வதானால் வீட்டில் வைத்துச் சொல்ல வேண்டாம், இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், நானும் இருக்கிறேன் என்றாள். அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

வா என்றதும் சின்னவள் வந்துவிட்டாள். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையை வாரிக்கொண்டாள், அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெரியம்மா வழிநெடுக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாது, அழக் கூடாது. அப்பாவின் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னால் துணிமணியைத் தானே மடித்துக் கொடுக்க வேண்டும். அவள் ஒரு வாய் சாப்பிட்டால் போதும், எந்த வீட்டில் சாப்பிட்டால் என்ன.

சோபாவில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். பெரியம்மா பூசி மெழுகவில்லை. ஸ்டேஷனில் பார்த்த கியரைச் சொன்னாள். பிரேக்கைச் சொன்னாள். சைக்கிளைக் கண்டாலே கால் இறங்கியதையும், அவன் பெருமைப்பட்டுக்கொண்டபோது தான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். "நீ எழுப்பினதுனால இல்லடி. அவன் நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். நான் அவனுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கலை. சொல்லிக்கொடுத்த மாதிரி நடிச்சேன். உன் மேல ஒரு தப்பும் இல்லை கண்ணு."

சொல்லி முடித்ததும் பெரியம்மாவுக்கு உடம்பே காலியானது போல இருந்தது. திட்டு விழட்டும் என்று காத்திருந்தாள்.

சின்னவள் திட்டவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க கால் வைக்கிறது. அவனே சொல்லுவான். பெரியம்மா பிரேக் போட்டுட்டு நான் போட்டதா நினைக்கட்டும்னு மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கும், பாவம், நானும் தெரியாத மாதிரியே இருந்துடுவேன்னு சிரிப்பான். பெரியம்மாவுக்கு அதுல ஒரு நிம்மதி, இருந்துட்டுப் போகட்டும்பான்."

பெரியம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தனியா எடுக்கறதுன்னா எனக்குக் கை கால் உதறும்டின்னு சொல்லியிருக்கான். அன்னைக்கு நான் போன் பண்ணப்பவும் சொன்னான். பெரியம்மா வகுப்பு முடிஞ்சு வரட்டும், சேர்ந்து வர்றோம், நீ அங்கேயே இருன்னான்." சின்னவள் நிறுத்தினாள். சட்டையின் முனையைப் பிடித்து விரலில் சுற்றினாள். "நான்தான் பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன். பெரியம்மா மடியில உட்கார்ந்துக்கிட்டு ஓட்டுறவன்னு சொன்னேன். பக்கத்துல பிரெண்ட்ஸ் இருந்தாங்க, அவங்க சிரிக்கணும்னு சத்தமா சொன்னேன். உடனே போனை வச்சுட்டான்."

கீழே பல் குடைகிற சத்தம் அப்போது நின்றிருந்தது.

"எழுப்பினதை மட்டும்தான் இவ்வளவு நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் சின்னவள். குரலில் அழுகை இல்லை, அதுதான் பெரியம்மாவை உலுக்கியது. "அதை வச்சுக்கிட்டு எப்படியோ ஓட்டிட்டேன். நான் சொன்னதுக்கும் அவன் போனதுக்கும் சம்பந்தம் இல்லை, தூக்கம்தான் காரணம்னு போலீஸ்காரரே சொல்லிட்டாரே. தூக்கத்துலயே போயிட்டான், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, பயந்திருக்க மாட்டான். படுக்கும்போது இதைத்தான் சொல்லிச் சொல்லிப் படுப்பேன்."

"கண்ணு..."

"முழிச்சுக்கிட்டு இருந்தான்னு சொல்றீங்களே பெரியம்மா."

பெரியம்மா கையை நீட்டினாள். சின்னவள் அதைத் தட்டிவிடவுமில்லை, பிடித்துக்கொள்ளவுமில்லை. பெரியம்மாவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. இந்தப் பிள்ளை கரையேறிவிடும் என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் கொட்டினாள். இந்தப் பிள்ளையோ ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு அதுவரை மிதந்துகொண்டிருந்திருக்கிறது. அதையும் தன் கையாலேயே பிடுங்கியாயிற்று. பெரியவனை அளவுக்கு மீறிப் பாதுகாத்தாள், போய்விட்டான். சின்னவளிடம் கொஞ்சமும் மறைக்காமல் இருந்தாள், இவளும் போய்க்கொண்டிருக்கிறாள். இதில் எதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று கேட்க அவளுக்கு ஒரு நாதி இல்லை.

"இன்னும் நேரம் இருக்கு. கொஞ்சம் உட்காருங்க" என்றாள் கவுன்சிலர். முகம் வெளிறியிருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நேரம் முடிந்ததும் அடுத்த வாரம் வருவதாகப் பெரியம்மா சொன்னாள். வழக்கமாகச் சொல்கிற வார்த்தை, தானாக வந்தது.

பஸ் ஸ்டாப்பில் கூட்டமில்லை. சின்னவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு லாரி அவர்களைத் தாண்டிப் போய், சிக்னலில் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"பாலத்து மேல இருந்து பார்த்தா, கீழ நிக்கிற வண்டி எங்கேயிருந்து தெரியும்?"

பெரியம்மாவுக்கு அந்த ரோடு மனப்பாடம். எத்தனையோ பேரை அந்தச் சரிவில் இறக்கிப் பழக்கியிருக்கிறாள். பாலத்தின் உச்சிக்கு வந்ததுமே அடிவரைக்கும் தெரியும், மறைக்கிற மரம்கூடக் கிடையாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் போனால்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். பதில் சொல்ல எடுத்துக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரமே பதிலாகிவிட்டது.

"அவன் பார்த்துக்கிட்டேதான் போயிருக்கான்" என்றாள் சின்னவள்.

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. சின்னவள் பையிலிருந்து சில்லறையை எடுத்து எண்ணாமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"பெரியம்மா."

"சொல்லுடி."

"இனிமே எங்கிட்ட உண்மை எதுவும் சொல்லாதீங்க."

"சொல்லலை" என்றாள் பெரியம்மா.