ஆள் வருது

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலம் போகும் காலை டவுன் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. நிறுத்தத்தில் முதலில் ஏறுகிறவர், பின்னால் யாராவது ஓடி வந்துகொண்டிருந்தால், "ஆளு வருதுண்ணே" என்று டிரைவர் சாமிக்கண்ணுவிடம் சொல்ல வேண்டும். அவர் ஒரு ஹாரன் அடித்துவிட்டு நிற்பார். யாரும் சொல்லாவிட்டால் எடுத்துவிடுவார். "நான் பாத்துக்கிட்டு நின்னா ஊரே ஓடியாரும். ஏறுறவங்க சொல்லட்டும், நிக்கிறேன்" என்பார். ஜனங்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல எண்ணம்.

அனுசியா மணவெளிக்கு வாழ்க்கைப்பட்டவள். மணவெளி மெயின் ரோட்டின் மேலேயே இருக்கிறது. வீட்டு வாசலில் சீப்பை வைத்துவிட்டு வந்தாலும் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். டவுனுக்குச் சற்று முன்னால், ஃபியூஸ் கட்டைகள் செய்யும் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பீங்கானில் ஓரமாக நிற்கும் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். புருஷன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். மாமியார் பெரியம்மாள் மருமகளை வீட்டில் வைத்திருப்பதே அவள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறாள் என்பதால்தான். "வேல போச்சின்னா, அன்னிக்கே உங்க அண்ணன் வூட்டுக்கு நடையக் கட்டு" என்று நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த அண்ணன் வளவனின் வீடு புளியங்கொட்டாயில் இருந்தது. மணவெளியிலிருந்து கொல்லைகளைத் தாண்டி வரப்பில் நடந்தால் வரும் ஊர். அனுசியா பிறந்த ஊர். பஸ்ஸையே பார்க்காத ஊர். வளவனின் மனைவி துர்காதேவிக்கும் அதே கம்பெனியில், அதே மேசையில் எதிர் நாற்காலியில் வேலை. அதை வாங்கிக் கொடுத்தவளே அனுசியாதான். துர்காதேவி தினமும் வரப்பில் ஓடி வருவாள். ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு, "ஆளு வருதுண்ணே, எங்க அண்ணி" என்று அனுசியா பஸ்ஸை நிறுத்தி வைப்பாள். மழை நாளிலும் அப்படித்தான். எத்தனை தடவை என்று அவளும் கணக்கு வைக்கவில்லை, அண்ணியும் வைக்கவில்லை.

பிறகு மணவெளி ஓடைப் பாலத்தை இடித்தார்கள். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம். "மாற்றுப்பாதையில் செல்லவும்" என்று ஒரு தகரத்தை நட்டுவைத்துவிட்டு, பஸ்ஸைப் புளியங்கொட்டாய் வழியாகத் திருப்பிவிட்டார்கள். முதல் நாள் புளியங்கொட்டாய்க்காரர்கள் பஸ்ஸுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஆரத்தி எடுத்தார்கள். சாமிக்கண்ணுவின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டும் வைத்தார்கள். பாலம் கட்டி முடியக் கூடாது என்று அந்த ஊரே வேண்டிக்கொண்டது. இப்போது அனுசியாதான் வரப்பில் ஓட வேண்டியிருந்தது.

ஓடுவதில் அவளுக்கு வருத்தமில்லை. தான் பிறந்த ஊரில் பஸ் நிற்பதைப் பார்க்க முதல் நாள் அவளுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. கஷ்டம் நேரத்தில்தான். மாற்றுப்பாதை சுற்று, அதற்காக நேரத்தை அடிக்கடி முன்னே பின்னே மாற்றினார்கள். மாற்றும்போதெல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தாளை ஒட்டுவார்கள். ஏறினவருக்குத் தெரியும். ஏறாதவருக்கு ஏறினவர் சொன்னால்தான் உண்டு.

அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனியில் புது மெஷின் வந்து இறங்கியது. சூப்பர்வைசர் இராஜமாணிக்கம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கெட்ட பெயர் எடுக்கப் பிடிக்காத மனிதர். கெட்ட காரியங்களைச் சட்டதிட்டத்தின் மேல் போட்டுவிடுவார்.

"இனிமே இந்த மேசைக்கி ஒரு ஆளு போதும்னு சொல்லிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான். நான் யாரையும் போவச் சொல்ல மாட்டேன். சங்கு ஊதி கேட்டு சாத்துன பொறவு வெளிய நிக்கிறது யாருன்னு பாப்பேன். அடிக்கடி நிக்கிறவங்க பேர எடுத்துடுவேன். அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் துர்காதேவி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்மள பிரிக்கப் பாக்குறாங்கடி அனுசியா" என்று கண்கலங்கினாள். அனுசியாவுக்கும் அழுகை வந்தது. அண்ணியைப் போல ஒருத்தி தனக்கு வாய்த்ததை நினைத்து வந்த அழுகை அது.

அடுத்த வாரமே அவள் பஸ்ஸைக் கோட்டை விட்டாள். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆளை மறைக்கிற உயரத்துக்கு நின்றது. பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஓடினாள். ஹாரன் கேட்கவில்லை. பஸ் கிளம்பிப் போகிற சத்தம்தான் கேட்டது. சோளத்தை விட்டு வெளியே வந்தபோது புழுதிதான் மிச்சம்.

"சொல்லலீங்களா அண்ணி?" என்று மறுநாள் கேட்டாள்.

"சொல்லாம இருப்பனா? அந்தாளு நிக்கலடி. சுத்திப் போறதுல லேட்டாவுதாம். மேல திட்டுறாங்களாம்."

அனுசியா நம்பினாள். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. இன்னும் சீக்கிரமாக, விடியக் கருக்கலில் எழுந்து மாமியாரின் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஓடினாள். சில நாள் பிடித்தாள். சில நாள் பிடிக்கவில்லை. பிடிக்காத நாளெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று திரும்பி வந்தாள். இரண்டு முறை நேரம் மாறியது அவளுக்குத் தெரியவே இல்லை. அண்ணி மறந்துவிட்டதாகச் சொன்னாள். பிள்ளையை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவள், மறக்கத்தானே செய்வாள் என்று அனுசியாவே சமாதானமும் சொன்னாள்.

பிறகு சோளம் அறுத்தார்கள். அறுத்த மறுநாள் காலையில் கொல்லை மொட்டையாகக் கிடந்தது. அனுசியா ஓடிக்கொண்டிருந்தாள். பஸ் நின்றிருப்பது முழுசாகத் தெரிந்தது. படியில் துர்காதேவி நின்றிருந்ததும் தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பினாள். நாத்தனாரைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். அனுசியா கையைத் தூக்கி ஆட்டினாள். துர்காதேவி உள்ளே திரும்பி டிரைவரிடம் என்னவோ சொன்னாள். பஸ் கிளம்பிவிட்டது.

அவள் சொன்னது என்ன என்பதைச் சாமிக்கண்ணுவே பிறகு ஒரு நாள் வெள்ளந்தியாகச் சொன்னார். "ஏம்மா, நீ அடிக்கடி லீவு போடுறியே? 'அவ இன்னைக்கி வரலண்ணே'ன்னு உங்க அண்ணிதான் சொல்லும்."

அதற்குள் அனுசியாவின் பெயரை எடுத்திருந்தார்கள். இராஜமாணிக்கம் கேட்டுக்கு வெளியே வந்து, தனக்கு ரொம்ப வருத்தம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சொல்லிவைத்தாற்போல் அடுத்த வாரமே பாலத்தைத் திறந்துவிட்டார்கள். பஸ் பழையபடி மணவெளி வழியாக, அனுசியாவின் வாசல் வழியாக ஓடத் தொடங்கியது. புளியங்கொட்டாயில் ஆரத்தி எடுத்த தட்டைக் கழுவிப் பரணில் வைத்தார்கள். வரப்பு மறுபடியும் துர்காதேவிக்கு வந்தது.

அனுசியா சண்டைக்குப் போகவில்லை. அண்ணனிடம் சொல்லவில்லை. வேலை போனதை மாமியாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் நடையைக் கட்ட வேண்டும், கட்டினால் துர்காதேவியின் அடுப்படியில் போய் நிற்க வேண்டும். அதைவிட நாண்டுகொண்டு சாகலாம் என்று அவளுக்கு இருந்தது. தினமும் தலை வாரி, பையில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பது அவள் மானத்தைக் காப்பாற்றியது. டவுன் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணோரம் நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள்.

துர்காதேவி தினமும் பஸ்ஸுக்கு முன்னாலேயே நிறுத்தத்துக்கு வந்துவிடுவாள். தான் செய்ததை அறிந்தவள் அல்லவா. நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமல் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அனுசியா பின் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே வருவாள். பிள்ளை இருக்கிறது, புருஷன் இருக்கிறான், ஒரு நாள் நேரமாகத்தான் செய்யும் என்று காத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக எதற்கும் காத்திருந்ததில்லை.

அந்த நாள் வந்தது. பஸ் வந்துவிட்டது, துர்காதேவி வரவில்லை. அனுசியா ஒரு காலைப் படியில் வைத்தபோது, மொட்டைக் கொல்லையின் நடுவில் அண்ணி ஓடி வருவது தெரிந்தது. தலை வாரவில்லை. ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் பை. சாமிக்கண்ணுவே பார்த்துவிட்டார்.

"அங்க ஓடியாரது உங்க அண்ணிதான?"

அனுசியா இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் தானாகவே வந்தது.

"அவங்கதாண்ணே. வேலைக்கி இல்ல, என்கிட்ட சண்ட போட வராங்க. ராத்திரி போன்லயே அந்தக் கத்து. ஏத்துனா செராமிக் கேட்டு வரைக்கும் பஸ்ஸு ரெண்டுபடும். நீங்க எடுத்துடுங்க."

உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். "எடுங்கண்ணே, காலங்காத்தால எதுக்கு" என்றாள் ஒருத்தி. சாமிக்கண்ணுவும் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார். துர்காதேவி வரப்பில் நின்று பையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். அதைப் பார்த்துவிட்டு, "ஏ அப்பா, அடிக்கவே வருது போல" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார்கள். அனுசியாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். வெகு நாளுக்குப் பிறகு வயிறு குளிர்ந்திருந்தது.

அன்று அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். எதிரே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் புதுத் தாள் ஒன்று பசை காயாமல் இருந்தது. பாலம் முடிந்தது, இப்போது டவுனுக்குள் சாக்கடைக்குத் தோண்டுகிறார்கள். நாளை முதல் பஸ் பதினைந்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பும் என்று போட்டிருந்தது. அனுசியா அதை இரண்டு தடவை படித்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரை போகாமல் கம்பெனி கேட்டிலேயே இறங்கினாள். சங்கு ஊதியது. கேட்டைச் சாத்தும்போது இராஜமாணிக்கம் வெளியே எட்டிப் பார்த்தார்.

"உங்க அண்ணி வரலியா? இன்னைக்கி சூளைக்கி லோடு ஏத்தணும், மேசைல ஆளில்ல."

"தெரியலீங்க சார்."

அவர் தாடையைச் சொறிந்தார். "சரி, நீ வந்து உக்காரு. இன்னைக்கி ஒரு நாளைக்கித்தான். நாளைக்கும் அது வரலன்னா உம்பேரயே எழுதிக்கிறேன். நான் யாரையும் போவச் சொல்றவன் இல்ல, உனக்கே தெரியும்."

துர்காதேவியின் நாற்காலியில் உட்கார்ந்து, துர்காதேவியின் பஞ்சை நனைத்துக்கொண்டு, அன்று முழுவதும் அனுசியா பிசிறு சுரண்டினாள். ஒரு கட்டைகூட உடையவில்லை.

சாயங்காலம் மணவெளியில் இறங்கியபோது நிறுத்தத்துச் சிமெண்ட் கட்டையில் துர்காதேவி உட்கார்ந்திருந்தாள். காலையில் கட்டிய அதே சேலை. சாப்பாட்டுப் பை பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பகல் முழுக்க அங்கேயே இருந்திருக்கிறாள். அனுசியா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். நகக்கண்ணில் வெள்ளை மண் இருந்தது.

"நீ டிரைவருகிட்ட சொன்னத பாத்தேன்" என்றாள் துர்காதேவி. குரலில் கோபமே இல்லை. "புள்ளைக்கி ராத்திரியெல்லாம் ஜொரம். அதான் லேட்டாயிடுச்சி. ஒன்ன கொற சொல்ல வரல. நான் செஞ்சததான் நீ செஞ்ச."

அனுசியா முந்தானையைக் கையில் இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"பயத்துல செஞ்சிட்டேன்டி. வேல போச்சின்னா உங்க அண்ணன் என்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு. அதுக்காவ ஓம் பொழப்புல மண்ணப் போட்டுட்டேன். ராத்திரில தூக்கமே வர்றதில்ல." அவள் அழத் தொடங்கினாள். பொய் அழுகை இல்லை. "ரெண்டும் ரெண்டும் சரியாப் போச்சின்னு வுட்டுடு. நாளைக்கி நான் சார் கால்ல வுழுந்து உனக்காவக் கேக்குறேன். ரெண்டு பேரும் பழையபடி ஒண்ணாப் போவலாம்."

அண்ணியின் மேல் அனுசியாவுக்கு இன்னமும் பாசம் இருந்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையைச் சுற்றிய கையாலேயே அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழுவாதீங்க அண்ணி."

சோளம் அறுத்ததிலிருந்து 'அண்ணி' என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. துர்காதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பையை எடுத்தாள். வரப்பில் இறங்கப் போனவள் திரும்பி நின்றாள்.

"நாளைக்கி பஸ்ஸு அதே டைமுதான? ஒண்ணும் மாத்தலியே?"

"அதே டைமுதாங்க அண்ணி" என்றாள் அனுசியா. "புள்ளையப் பாத்துட்டு மெதுவாவே வாங்க. நான் நிறுத்தி வெக்கிறேன்."