முகமூடி போடாத அன்று

மேக்பை என்கிற கறுப்புவெள்ளைப் பறவைகளுக்கு ஆள் முகம் மறக்காது. அதைச் சோதித்து எழுதித்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது. அதனால் பெர்த் நகரத்தில் எங்கள் ஆய்வுக் குழுவுக்கு ஒரே சட்டம்: பறவையைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டுகிற நாளில் முகமூடி போட வேண்டும். பிடிபட்டது கத்தும், கேட்ட கூட்டம் அந்த முகத்தைப் பகையாளியாகக் குறித்துக்கொள்ளும். என்னோடு வேலை பார்க்கும் டெக்லன் மலிவுக் கடையில் வாங்கி வந்தது கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி.

"டிசம்பர்ல நெசத் தாத்தா இந்தப் பக்கம் வந்தாரு, செத்தாரு, ரோவெனா," என்பான்.

வெறும் முகத்தோடு போனால் அவற்றுக்கு நான் சீஸ்காரி. ஆறு வருடமாகப் பள்ளி மைதானத்தில் எடை பார்க்கத் தராசை வைத்துத் துருவிய சீஸைத் தூவினால், அங்கே வாழும் கூட்டத்தின் ஏழு பறவையும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஏறும். கிழவி மேவிஸ் மட்டும் தராசை விட்டுவிட்டு என் பூட்ஸ் மேல் ஏறி நிற்பாள். ஆய்வுக்கு அது உதவாது. எனக்குப் பிடித்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவர வீட்டில் யாருமில்லை; அதையும் சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் ஒரு காலை, ஒரு கார் மேவிஸை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. சிறகு முறிந்து நடுரோட்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். முகமூடி மைதானத்தின் அந்தக் கோடியில், என் வண்டியில். அடுத்த கார் வந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டத்தை எழுதியவளே நான்தான். ஓடிப்போய் அவளை இரு கையாலும் வாரி எடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக் கத்தினாள். மற்ற ஆறும் மின்கம்பியில் உட்கார்ந்து பார்த்தன. வண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் கையிலேயே அவள் மூச்சு அடங்கிவிட்டது.

மறுநாள் சீஸ் டப்பாவைத் திறந்தேன். மரத்திலிருந்து எச்சரிக்கைக் குரல்தான் வந்தது. ஒன்று இறங்கி என் தலையில் கொத்திவிட்டுப் போனது. வாரக்கணக்கில் விடாமல் போனேன். கெஞ்சாத குறைதான்.

"காப்பாத்தத்தானே எடுத்தேன்," என்றேன் டெக்லனிடம்.

"அதுங்களுக்கு எப்படித் தெரியும்? நீ தூக்குன, அவ கத்துனா, திரும்பி வரல. அவ்வளவுதான் அதுங்க பாத்தது. நீ எழுதுனதுதானே இதெல்லாம்?" என்றான். பிறகு, "இனிமே அங்க நான் போறேன். நீ ஆபீஸ்ல இரு," என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

நவம்பரில் அவனே கூப்பிட்டான். "புதுக் குஞ்சு ஒண்ணு தரைக்கு வந்திருக்கு. மேவிஸ் போய் நாலு மாசம் கழிச்சுப் பொரிச்சது. அது எதையும் பாக்கல. வந்து பாரேன்."

முதல் நாள் குஞ்சு என்னை நோக்கி மூன்றடி வைத்தது. மரத்திலிருந்து பெரியவை கத்தின. அது மரத்தைப் பார்த்தது, பிறகு என் முகத்தை நன்றாகப் பார்த்தது.

மறுநாள் பெரியவை மைதானத்தின் மறுகோடியில் மேய்ந்துகொண்டிருந்தன. குஞ்சு தனியாக இருந்தது. டப்பாவைத் திறந்தேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, இன்னும் சரியாக வராத குரலில், அதே எச்சரிக்கையைக் கத்தியது.

டெக்லன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நேரத்தக் குறிச்சுக்கிட்டியா?" என்றான்.

"குறிச்சிட்டேன்."

கண்ணால் பார்க்காத பகையைக்கூடக் குஞ்சுகள் பெற்றவர்களிடம் கற்றுக்கொள்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களிடம் இல்லை. அதை நான்தான் எழுத வேண்டும். டப்பாவை அவனிடம் கொடுத்துவிட்டு வேலிக்கு வெளியே போய் நின்றேன். குஞ்சு ஓடிவந்து அவன் பூட்ஸ் மேல் ஏறியது.