மடியில் வைத்த பை

டாக்டரம்மா வரும் நேரமானால் அந்த மனநோய் வார்டில் எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி அவரவர் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. டாக்டரம்மா முதலில் கேட்பது நர்ஸைத்தான். "அமைதி" என்றால் மாத்திரை அப்படியே இருக்கும். "அலைச்சல்" என்றால் ஏறும்.

தம்பிக்குப் போன வாரம் ஏறியிருந்தது.

"அக்கா, பையை என் மடியில வை. அழுத்திப் பிடிச்சுக்கோ."

துவைத்த துணியும் தண்ணீர் பாட்டிலும் இருந்த பையை அவன் முழங்கால்கள் மேல் வைத்தாள். பை குலுங்கியது. உள்ளே தண்ணீர் அலம்பியது. மில் வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். அழுத்த அவள் கையிலும் தெம்பில்லை.

"காதுல கேட்ட சத்தமெல்லாம் நின்னுடுச்சுக்கா. ஆனா எலும்புக்குள்ள எறும்பு ஊருது. நடந்தா கொஞ்சம் தேவலாம். நடந்தா நோய் முத்திப்போச்சுன்னு மாத்திரையைக் கூட்டிக் குடுக்கிறாங்க. அதைப் போட்டா இன்னும் நடக்கணும்போல இருக்கு."

"அதை அவங்ககிட்ட சொல்லேன்டா."

"நான் சொன்னா அதுவும் நோய்தான். நீயும் வாயத் திறந்துடாத."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். "என்னப்பா, நடராஜா சர்வீஸ் இன்னிக்கு ஷெட்ல நிக்குது?" என்றார்.

"சும்மா இருங்கண்ணே."

"சும்மாத்தான்யா இருக்கேன். எனக்குக் குடுக்கிற மாத்திரையில கொட்டாவி விடக்கூட சோம்பலா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு பாதி வந்து நின்றது. சொன்னால் மறுபடி ஏற்றிவிடுவார்களோ என்று பயம். குறைத்துவிட்டால் அது வேறு பயம். அந்தச் சத்தங்களின் பேச்சைக் கேட்டுத்தான், அவள் சோற்றில் விஷம் வைக்கிறாள் என்று முன்பு வீட்டில் அவன் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை அதைத் தாங்க அவளால் ஆகாது. பேசாமல் இருப்பதுதான் சுலபம்.

டாக்டரம்மா வந்தார். அவர் கண்ணிலும் தூக்கமில்லை. இன்னும் பாதி வார்டு பாக்கி.

"இவரு?"

"அமைதி மேடம்," என்றார் நர்ஸ்.

"அதே டோஸ் இருக்கட்டும்."

தம்பி இமைக்கவில்லை. நெற்றியில் வேர்வை கோத்திருந்தது. பரீட்சையில் பாஸானவன் முகம் மாதிரி இல்லை அது. டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குத் திரும்பியபோது அவள் பையை எடுத்துவிட்டாள்.

தையல் மெஷினை மிதிப்பதுபோல இரண்டு கால்களும் ஆடத் தொடங்கின.

"போச்சு, விசில் அடிச்சாச்சு," என்றார் கண்டக்டர்.

"மேடம், நோய் முத்திப்போய் நடக்கல இவன்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "உக்கார முடியாமத்தான் நடக்கிறான். மாத்திரை ஏத்தினதுக்கு அப்புறந்தான் இப்படி."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவன் மணிக்கட்டைப் பிடித்து, முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "நடக்கச் சொல்லிக் காதுல யாராவது பேசுறாங்களா?"

"யாரும் சொல்லல. கால்தான் விடமாட்டேங்குது."

அவர் குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். "மருந்தால வர்றதுதான் இது. போன வாரமே உங்ககிட்ட கேட்டிருக்கணும்." நர்ஸிடம் திரும்பிக் குறைக்கச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, "பழைய சத்தம் திரும்பினாலும் திரும்பலாம். மறைக்காம சொல்லணும்," என்றார்.

அவள் தலையாட்டினாள். டாக்டரம்மா நகர்ந்ததும் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டப்போகிறான் என்று நினைத்தாள்.

"வந்தா வரட்டும்க்கா," என்றான் தம்பி. "உக்காந்து கேட்டுக்கிறேன்."