ஒரு எட்டு மெட்ராஸ்

எங்கள் வீட்டுப் பெண்களில் மெட்ராஸைப் பார்த்தவர் ஒருவர்தான். என் கணவருடைய அண்ணன் மனைவி, ஜன்னத் அக்கா. நான்கு வருடத்துக்கு முன்னால் மூன்று நாள் போய்விட்டு வந்தார். அந்த மூன்று நாளைத்தான் நான்கு வருடமாக எங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். சட்டி காலியான பாடில்லை.

போடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏலக்காய் தரம் பிரிக்கிற கொட்டகை இருக்கிறது. மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை இறங்கும். பெருங்காய், சிறுகாய், வெடித்தது, கறுத்தது என்று முறத்தில் பிரித்துப் போடுவோம். கைக்குத்தான் வேலை, வாய்க்கு ஓய்வு. ஓய்வாக இருக்கிற வாய் சும்மா இருக்குமா? "மழ வரும் போல" என்று நான் சொன்னால், "மெட்ராஸ்ல பேயுற மழ வேறடி" என்பார் அக்கா. மீன் விலை ஏறினால் மெட்ராஸ் மீன் வரும். எதிர்த்து ஒரு சொல் சொன்னால், "நீ மெட்ராஸ் பாத்ததில்லைல்ல" என்று முடித்துவிடுவார். காய் பிரிக்க வருகிற சந்திரவல்லியும், "அதான, பாத்தவுகளுக்குத்தான தெரியும்" என்று ஒத்து ஊதுவாள்.

இதையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் மகள் நிலோபர் பிளஸ் டூ முடித்து, மெட்ராஸில் புள்ளியியல் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்றுதான் காது அடைத்துக்கொண்டது.

முடிவு சொல்ல வேண்டியவர் என் மாமியார் ஜெய்னம்பு. கொட்டகைச் சாவி, பீரோச் சாவி, எங்கள் எல்லோருடைய தலையெழுத்தின் சாவி எல்லாம் அவர் இடுப்பில்தான். அவர் நேராக ஜன்னத் அக்காவைப் பார்த்தார். அக்கா வெடித்த காய் ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"அந்த ஊரு பொம்பளப் பிள்ளைகளுக்கு ஆகாது மாமி. கண்ணால பாத்துட்டு வந்தவ சொல்றேன்."

அவ்வளவுதான். தேனியில் ஏதாவது ஒரு கல்லூரி பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாகிவிட்டது. நிலோபர் அழவில்லை, சண்டை போடவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மாமியிடம் போனேன். "நானும் ஒரு தடவ பாத்துட்டு வர்றேன் மாமி. ஆகாத ஊருன்னா நானே வேணாம்னு சொல்லிர்றேன்."

மாமி வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, மென்று முடிக்கிறவரை யோசித்தார். "எப்ப முடிவு சொல்லணும்?"

"வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள சேரணும் மாமி."

"போய்ப் பாத்துட்டு வா. பிள்ள இங்கயே இருக்கட்டும். சேரவே இல்ல, அதுக்குள்ள அவளுக்கு எதுக்கு ஊரு?"

போடிக்கு மெட்ராஸ் ரயில் வந்தபிறகு இதெல்லாம் சுலபம். ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் காலையில் சென்ட்ரல். திங்கள் இரவே திரும்பி வருகிற வண்டி. நடுவில் ஒரு முழுப் பகல் கையில் இருக்கும். நிலோபர் உட்கார்ந்து நிமிடக் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். கல்லூரி, அதன் விடுதி, கடற்கரை, கலங்கரை விளக்கம், மியூசியம், பெரிய நூலகம், மெட்ரோ ரயில், ஆயிரம் விளக்குப் பள்ளிவாசல். மொத்தம் எட்டு இடம்.

"ம்மா, மெட்ராஸ்ல இருக்குற சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றாள்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் கணவர் முபின் ஒரே ஒருவரிடம் மட்டும் விட்டார். பெரம்பூரில் இருக்கிற அவருடைய சின்னத்தாவிடம், அதாவது அத்தாவின் தம்பியிடம். ரயில் திண்டுக்கல் தாண்டியபிறகுதான் என்னிடம் சொன்னார்.

"அவுக ஊருக்குப் போயிட்டு அவுக வீட்டுக்குப் போகலைன்னா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்குறது? ஒரு எட்டு தலையக் காட்டிட்டு நம்ம பாட்டுக்குக் கெளம்பிரலாம்."

எட்டு இடத்துக்குப் போட்ட திட்டத்தை அந்த ஒரு எட்டு விழுங்கப் போகிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடுகிற ரயிலில் என்ன செய்ய முடியும்? போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

பெரம்பூரில் குளித்துவிட்டு ஒரு வாய் டீ குடித்துக் கிளம்புவதாகப் பேச்சு. சின்னம்மா விடிகாலையிலேயே எழுந்து இடியாப்பம் பிழிந்து ஆட்டுக்கால் பாயா வைத்திருந்தார். விடிகாலையிலிருந்து வெந்த ஆட்டுக்காலை வேண்டாம் என்று சொல்ல எந்த மருமகளுக்கு வாய் வரும்? சாப்பிட்டோம். போடியில் யார் யார் மௌத்தானார்கள், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் பாகப்பிரிவினை என்று சின்னத்தா ஒவ்வொரு தெருவாக விசாரித்து வந்தார். அவர் மேலத் தெருவை முடிக்கும்போது மணி பதினொன்று. போடியை அவ்வளவு விவரமாக நான் போடியிலேயே பார்த்ததில்லை.

கிளம்பும்போது, எங்கள் கடைப் பெயர் போட்ட மஞ்சள் பையில் கொண்டுபோயிருந்த அரைக்கிலோ ஏலக்காயைச் சின்னம்மா கையில் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். வரும்போது அதே மஞ்சள் பையோடு வந்தார். "எங்களுக்குக் கெடக்குத்தா. மண்ணடியில எம் மக வீடு போற வழிதான். இத ஒரு எட்டு குடுத்துட்டுப் போயிருங்க."

மண்ணடி போகிற வழியில்தான் பட்டியலில் இருந்த ஒரே இடத்தைப் பார்த்தோம். கல்லூரியை. ஆட்டோ சிக்னலில் நின்ற நேரம் வரைக்கும் பார்த்தோம். சுவர் நல்ல உயரம்.

மண்ணடியில் பிரியாணிக்குத் தம் போட்டிருந்தார்கள். தம் உடைக்காமல் விருந்தாளியை அனுப்பினால் வீட்டுக்கு ஆகாதாம். சின்னம்மாவின் மகள் இருபத்திரண்டு வருடமாக அங்கே இருக்கிறவள். கலங்கரை விளக்கத்துக்கு எப்படிப் போகணும் என்று கேட்டேன். "நாங்க இங்கயேதான இருக்கோம், அதுக்குன்னு எங்க போறது? நீங்க பாத்தா எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவர் கண்ணை மூடி யோசித்தார். நாலு மணி வரை யோசித்தார்.

அங்கிருந்து ராயபுரம். அந்தப் பெண்ணின் நாத்தனார் வீடு. மஞ்சள் பையும் எங்களோடு வந்தது. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "கடலுதான பாக்கணும்? மாடிக்கு வாங்க" என்று அழைத்துப் போனார். துணி காய்கிற கொடிகளை விலக்கி, "அந்தா தெரியுதுல்ல நீலமா" என்று கை காட்டினார். நான் வெகுநேரம் ஆசையாகப் பார்த்தேன். பிறகுதான், "அது தண்ணித் தொட்டி. அதுக்கு அங்கிட்டுப் பாருங்க" என்றார். அங்கிட்டு ஒரு விரற்கடை அளவுக்கு ஏதோ மினுங்கியது. அது கடலா, தகரக் கூரையா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

எனக்கு அழுகை வந்தது. கடலுக்காக இல்லை. மகளுக்குப் போய் என்ன சொல்வேன் என்று வந்த அழுகை.

"இன்னும் நேரமிருக்குங்க. கடற்கரைக்காவது போவோம்" என்றேன். என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் ஒருமுறை போடிமெட்டில் கடைசி ஜீப்பை விட்டுவிட்டு, குளிரில் விடியும்வரை டீக்கடை பெஞ்சில் கிடந்தவர். அதிலிருந்து எந்த வண்டிக்கும் மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்பது அவர் வழக்கம். அன்றும் நின்றோம். ராயபுரத்து அம்மாள், "ரயில்ல டீ வாங்குனா ஏலக்கா இருக்காது, தட்டிப் போட்டுக்கங்க" என்று மஞ்சள் பையை என் கையிலேயே திணித்திருந்தார். எங்கள் மூவரில் அதிகம் சுற்றியது அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். மாமி, ஜன்னத் அக்கா, சந்திரவல்லி மூவரும் முறத்தோடு காத்திருந்தார்கள். நிலோபர் மூட்டை அருகில் நின்றாள். என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா பாத்த?" என்றார் மாமி.

"காலேசு பாத்தேன் மாமி. சுவரு ரெண்டு ஆளு ஒசரம்."

"சுவரு எங்கயும்தான் இருக்கு. ஊரு எப்படி?"

"கடற்கரைப் பக்கம் போனீகளா?" என்று ஜன்னத் அக்கா கேட்டார். கேட்ட விதத்தில் நான் போயிருக்க மாட்டேன் என்ற நம்பிக்கை இருந்தது.

பொய் சொல்லவேண்டும் என்று நான் நினைத்துப் போகவில்லை. மகள் முகத்தைப் பார்த்தேன், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"போனோம்க்கா. கடற்கரைய ஒட்டி ஒரு பார்க்கு இருக்குல்ல, பொம்பளைகளுக்கு மட்டும். ஆம்பளைகள வாசலோட நிறுத்திருவாங்க, பொம்பளப் போலீசு நிக்கும். இவரு வெளிய நின்னாரு, நான் மட்டும் போனேன். காலேசுப் பிள்ளைகளெல்லாம் மரத்தடியில ஒக்காந்து படிக்குதுக. பெரிய பொம்பளைக ஆடுறதுக்கே ஊஞ்சல் போட்டுருக்கு. ஒருத்தரும் ஏன்னு கேக்கல."

அப்படி ஒரு இடம் எந்த ஊரில் இருக்கும்? நான் அதுவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. சொல்லும்போதே, இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏக்கமாக இருந்தது. இனி ஜன்னத் அக்கா ஒரே வார்த்தையில் என்னைக் கவிழ்த்துவிடுவார் என்று குனிந்துகொண்டேன்.

"ஆமா, அந்தப் பார்க்கு. நாங்களும் போனோமே" என்றார் அக்கா.

என் கை முறத்திலேயே நின்றுவிட்டது.

"டிக்கட்டு உண்டாம்மா?" என்று சந்திரவல்லி கேட்டாள்.

"அஞ்சு ரூவா" என்றார் அக்கா, யோசிக்காமல்.

"இப்பப் பத்தாக்கிட்டான்" என்றேன் நான்.

"எல்லாந்தான் கூடிப்போச்சு" என்று அக்கா தலையாட்டினார்.

நான்கு வருடமாக எங்கள் தலைமேல் உட்கார்ந்திருந்த மெட்ராஸ் என்னவென்று அந்தக் கணம் எனக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. பார்க்காத ஊரை வைத்துத்தானே என் பிள்ளை படிப்பில் மண் போடப் பார்த்தார்? விடக்கூடாது என்று இருந்தது.

"பெறகு ஏங்க்கா அந்த ஊரு பொம்பளப் பிள்ளைகளுக்கு ஆகாதுன்னீங்க? சாயந்தரம் ஆறு மணிக்கு மேலதான பிள்ளைக கூட்டம் கூட்டமா வந்துச்சு? நீங்க பாத்தப்ப வரலையா?"

அக்கா என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். வரவில்லை என்று சொன்னால் பார்க் எப்படி இருந்தது என்று கேள்வி வரும். "வந்துச்சுதான்" என்றார். "பயமில்லாமத்தான் வந்துச்சுக."

"பொம்பளப் போலீசு?"

"அது நின்னுச்சு. ரெண்டு பேரு."

"அப்ப ஆகும்ங்கிறியா, ஆகாதுங்கிறியா?" என்று மாமி கேட்டார்.

அக்கா ஒரு காயை எடுத்தார். பெருங்காயா சிறுகாயா என்று தெரியாதவர் போல விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். "அப்படிப் பாத்தா ஆகும் மாமி" என்றார்.

"ரெண்டு பேரு கண்ணால பாத்துட்டுச் சொல்றீக. நான் வேற என்னத்தச் சொல்ல? வெரசாப் போய்ச் சேத்து விடுங்க" என்றார் மாமி.

நிலோபர் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அந்தப் பார்க்கு நான் எழுதுன லிஸ்ட்லயே இல்லையேம்மா" என்றாள் காதோரம். "சேத்துக்கோ" என்றேன்.

மத்தியானம் அடுப்படியில் தனியாக இருந்தபோது ஜன்னத் அக்கா வந்து கதவோரமாக நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நானும் தயாராகத்தான் இருந்தேன்.

"பர்சானா, அந்தப் பார்க்குல நெசமாவே ஊஞ்சல் இருக்கா?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நான் ஒண்ணும் பாக்கலடி" என்றார். "மூணு நாளும் பெரம்பூர்லதான் கெடந்தேன். ஒங்க மச்சானுக்குப் பாயா ஒத்துக்காமப் போச்சு. அவருக்குக் கஞ்சி வச்சுக் குடுத்துட்டு, சோபாவுல ஒக்காந்து டிவி பாத்துட்டு வந்தேன். வந்ததும் எல்லாரும் என்ன பாத்த, என்ன பாத்தன்னு கேட்டீக. ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஒண்ணச் சொன்னேன், அப்பறம் நிறுத்த முடியல. பாக்காத ஊர நல்ல ஊருன்னு எப்படிச் சொல்லுவேன்? நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா? பயத்துலதான் ஆகாதுன்னேன்."

அந்தச் சோபா எனக்குத் தெரியும். பழுப்பு நிறம், நடுவில் அமுங்கியிருக்கும். அதைச் சொல்லிவிட்டால் போதும், இரண்டு பேரும் அந்த அடுப்படியிலேயே விழுந்து விழுந்து சிரித்திருப்போம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. தன் ரகசியத்தை நான்கு வருடம் காத்த அக்காவிடம் அடுத்தவர் ரகசியம் மூன்று நாள் தங்காது. சொல்ல முடியாமல் நிற்பது எனக்குக் கேவலமாக இருந்தது.

"நீயாவது பாத்தியே" என்றார் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். பொறாமை துளியும் இல்லை அந்த முகத்தில், ஆசை மட்டும்தான் இருந்தது. "நம்ம மாதிரி பொம்பளைகளும் ஆடுறாகளா?"

"ஆடுறாகக்கா."

"நீ ஆடுனியா?"

"ஆடுனேன்க்கா" என்றேன். "எறங்கவே மனசு வரல."