மேகத்துக்குள் ஆடுகள்

1943. வேல்ஸ் மலைகளுக்கு மேலே, பயிற்சிக்குப் புறப்பட்ட குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதியில், பின்னால் பார்த்தபடி துப்பாக்கியோடு அமர்ந்திருந்தான் வில்ஃப். வெண்மேகம் ஒரு கணம் விலகியது. அவன் காலுக்குக் கீழே, மிக அருகில், ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"கேப்டன், கால்கிட்டயே ஆடு தெரியுதுப்பா!" என்று ஒலிவாங்கியில் கத்தினான்.

"தூங்குமூஞ்சி, கனவு கண்டியா? மலை ரெண்டாயிரம் அடி. நாம ரெண்டாயிரத்து ஐந்நூறுல போறோம்," என்று சிரித்தான் விமானி டெஸ்மண்ட்.

உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அந்த அழுத்தத்தை அளந்து உயரமாகச் சொல்கிறது, அவ்வளவுதான். காலையில் தளத்தில் முள்ளைச் சரிசெய்துதான் கிளம்பினார்கள். ஆனால் இங்கே மழைக்காற்று சூழ்ந்து அழுத்தம் தானாகவே குறைந்திருந்தது. முள்ளோ விமானம் மேலேறிவிட்டதாக நம்பிக்கொண்டது.

"கனவுல வர்ற ஆட்டுக்கு முதுகுல அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியிருப்பாங்களாடா? தூக்குடா மேல!"

டெஸ்மண்ட் சட்டென்று விமானத்தின் மூக்கைத் தூக்கினான். நேராக மோதியிருக்க வேண்டிய விமானம் வயிறு உரச, ஈரப் புதர்களில் சறுக்கி, உடைந்து நின்றது.

விமானத்தில் இருந்த ஐந்து பேரும் உயிரோடிருந்தார்கள். டெஸ்மண்ட் உயரமானியைத் தட்டிப் பார்த்தான். முள் இன்னும் இரண்டாயிரத்து நானூறைத் தாண்டியே நின்றது.

"இதைக் கேட்டா, நாம இன்னும் பறந்துக்கிட்டிருக்கோம்டா."

மேகத்திலிருந்து ஓர் ஆடு வந்து இறக்கையை முகர்ந்தது.